பழைய டயர், எண்ணெய், கரி: வாசகர் கேள்வி – பதில்

பழைய டயரிலிருந்து எண்ணெய் எடுக்கும் பைரோலிசிஸ் ஆலைகளைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை சேர்த்துத் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

பிளாஸ்டிக் குடத்தை உருக்கி மறுபடி குடம் செய்கிறார்கள். டயரை உருக்கி ஏன் புது டயர் செய்வதில்லை?

டயர் உருகாது. மரத்திலிருந்து வரும் ரப்பரும் பெட்ரோலியத்திலிருந்து செய்யும் ரப்பரும் பச்சையாக இருக்கும்வரைதான் இளகும். கந்தகம் கலந்து சூட்டில் பதப்படுத்தியதும் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகப் பாலங்கள் விழுந்து, மொத்த டயரும் ஒரே வலையாகிவிடுகிறது. 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த இந்த வல்கனைசேஷன்தான் டயருக்கு உறுதி தருகிறது. ஓடி முடிந்த பிறகு நம்மைத் திணறடிப்பதும் அதே உறுதிதான். சுட்ட செங்கலைக் குழைத்துக் களிமண்ணாக்க முடியாது அல்லவா, அது போல.

சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் டயர் இளகாமல் சிதையும். காற்று இருந்தால் எரியும். காற்றை விலக்கிவிட்டு, எரியாமல் சிதைய மட்டும் விடுவதுதான் பைரோலிசிஸ்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், பின்னால் வரும் கணக்குக்குத் தேவைப்படும். ஒரு கார் டயர் 8 முதல் 10 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு ரப்பர். கால் பங்குக்கு நெருக்கமாகக் கார்பன் பிளாக்கும் (ரப்பருக்கு வலுவூட்டும் நுண்கரித் தூள்) சிலிக்காவும். மிச்சம் எஃகுக் கம்பி, நைலான் அல்லது பாலியஸ்டர் நூல், பதப்படுத்தும் எண்ணெய், 1 முதல் 2 சதவீதம் துத்தநாக ஆக்ஸைடு, ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கந்தகம். லாரி டயர் 50 – 60 கிலோ வரும். அதில் இயற்கை ரப்பரும் கம்பியும் கூடுதல், நூல் அநேகமாக இருக்காது.

ஆலைக்குள் ஒரு லோடு டயர் போனால் வரிசையாக என்ன நடக்கிறது? எவ்வளவு எண்ணெய் கிடைக்கும்?

பரவலாக ஓடுவது 10 டன் பிடிக்கும் சுழல் உருளை. விட்டம் 2.6 மீட்டர், நீளம் 6.6 மீட்டர் அளவில் இருக்கும். டயரை ஏற்றி, கதவை மூடி, கேஸ்கெட் வைத்துப் போல்ட் முடுக்கி, உள்ளிருக்கும் காற்றை நைட்ரஜனால் விரட்ட வேண்டும். பல இடங்களில் தவிர்க்கப்படுவது இந்தக் கடைசி வேலைதான். அதனால் அதன் அளவைச் சொல்கிறோம். உருளையின் கொள்ளளவு 35 கன மீட்டர். டயர் அடைத்த இடம் போகச் சுமார் 26 கன மீட்டர் காற்று மிஞ்சும். அதைப்போல மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 80 கன மீட்டர் நைட்ரஜன் ஓடினால் 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 1 சதவீதத்துக்கு வந்துவிடும். 7 கன மீட்டர் பிடிக்கும் சிலிண்டர் என்றால் 11 அல்லது 12 வேண்டும். ஒரே ஒரு சிலிண்டரைத் திறந்துவிட்டு “பர்ஜ் ஆயிற்று” என்று குறித்து வைப்பதால் பயனில்லை.

பிறகு அடியில் பர்னரைப் பற்ற வைக்கிறார்கள். 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஈரம் ஆவியாகும். 200 – 300-ல் டயரில் கலந்திருந்த பதப்படுத்தும் எண்ணெய் கிளம்பும். 375 டிகிரியைச் சுற்றி இயற்கை ரப்பரும், 430 முதல் 460 வரை செயற்கை ரப்பரும் அறுபடும். ஆவி முதலில் கனமான எண்ணெயைப் பிரிக்கும் தொட்டிக்கும், பிறகு தண்ணீர் ஓடி ஆவியைக் குளிர்வித்து எண்ணெயாக்கும் கண்டன்சருக்கும் போகிறது. குளிராமல் தப்பும் வாயு, வாட்டர் சீல் (தீ பின்னோக்கி வராமல் தடுக்கும் தண்ணீர்ப் பூட்டு) வழியாக பர்னருக்கே திரும்புகிறது. முதல் சில மணி நேரத்துக்குத்தான் வெளி எரிபொருள். ஒரு கிலோ டயரைச் சிதைக்க ஏறக்குறைய 1.5 மெகாஜூல் வெப்பம் போதும். எரிபொருளின் சூட்டில் அறுபது சதவீதத்தை உலை வீணாக்கினாலும் 4 மெகாஜூலுக்குள் முடிந்துவிடும். அதே ஒரு கிலோவிலிருந்து வரும் வாயு அந்த அளவைக் கொடுத்துவிடும்.

சூடேற்றலும் ஆறவைப்பதும் சேர்ந்து ஒரு முழு நாள் ஆகும். கடைசியில் கரியைத் திருகு கன்வேயரால் வெளியேற்றி, கம்பிச் சுருளை வின்ச் வைத்து இழுக்கிறார்கள்.

ஒரு டன் டயருக்கு ஏறத்தாழ 420 கிலோ எண்ணெய், 330 கிலோ கரி, 140 கிலோ கம்பி, 100 கிலோ வாயு, கொஞ்சம் தண்ணீர். 55, 60 சதவீதம் எண்ணெய் வரும் என்று யாராவது விளம்பரம் செய்தால், கம்பியை முன்பே உருவிய ரப்பருக்குச் சொல்கிறார்களா, முழு டயருக்கா என்று கேளுங்கள்.

முழு டயராகப் போடலாமா, நறுக்கித்தான் போட வேண்டுமா?

ஒவ்வொரு லோடாக ஏற்றி இறக்கும் தொகுதி முறை உருளையில் முழு டயர் போகும். ஆனால் இடத்தை அடைக்கும், சூடு சீராக ஏறாது, கம்பி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வெளியே வர மறுக்கும். குறைந்தது லாரி டயரின் விளிம்பிலுள்ள தடித்த வளையக் கம்பியையாவது முதலில் உருவிவிடுங்கள். தொடர்ந்து ஊட்டும் உலைக்கு நறுக்கிய துண்டுதான்.

எப்படிப் போட்டாலும் மழைநீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். 10 டன் டயரில் 5 சதவீதம் ஈரம் என்றால் 500 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க மட்டும் 1,300 மெகாஜூல் வீணாகும். ஒரு கிலோ தண்ணீர் 1.7 கன மீட்டர் நீராவியாகும் என்பதால் அழுத்தமும் திடீரென்று ஏறும். எண்ணெயில் தண்ணீர் கலந்து பிரியாமல் நிற்கும்.

இந்த ஆலைகளில் வெடிவிபத்து என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். காற்றே இல்லாத இடத்தில் எப்படி வெடிக்கும்? – ஆலைப் பணியாளர் ஒருவர்

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. காற்று இல்லாதவரை தீப்பற்றி வெடிக்காது. காற்று உள்ளே போவதற்கு மூன்று வாசல்கள் உண்டு.

முதலாவது, தொடக்கத்தில் நைட்ரஜன் போதாமல் மிச்சம் நிற்கும் காற்று. அதை மேலே சொல்லிவிட்டோம்.

இரண்டாவது, ஆறும்போது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 450 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு வரும்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கிப் பாதிக்கும் குறைவான இடத்தைத்தான் நிரப்பும். மிச்ச இடம் வெற்றிடமாகி, எங்கே விரிசல் இருக்கிறது என்று தேடி இழுக்கும். கதவு கேஸ்கெட் தேய்ந்திருந்தால் அங்கே காற்று நுழையும். இல்லையென்றால் வாட்டர் சீலிலுள்ள தண்ணீரையே உலைக்குள் உறிஞ்சும். சூடான உலோகத்தில் அந்தத் தண்ணீர் விழுந்தால் அடுத்த நொடி நீராவிதான். ஆகவே பர்னரை அணைத்ததும் வேலை முடிந்தது என்று போய்விடக் கூடாது. ஆறும் நேரம் முழுவதும் நைட்ரஜனைச் சிறிது சிறிதாக விட்டு, உள் அழுத்தம் வெளியைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும்படி பார்க்க வேண்டும்.

மூன்றாவது வாசல் மனிதர் திறப்பது. அடுத்த லோடுக்கு அவசரப்பட்டு, கரி ஆறுமுன் கதவைத் திறப்பதைச் சொல்கிறோம். உருளையின் மேல்தோல் 60 டிகிரி காட்டும், கரிக்குவியலின் நடு இன்னும் கனன்றுகொண்டிருக்கும். கரி நல்ல வெப்பக் காப்பு. தன் சூட்டைத் தானே பொத்தி வைத்திருக்கும். காற்று பட்டதும் நுண்தூள் பற்றிக்கொள்ளும், கதவுக்கு எதிரே நிற்பவரின் முகத்தில்தான் அந்தத் தீ வந்து அடிக்கும். தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் உணரி) கரிப் படுகைக்குள் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது 50 டிகிரிக்குக் கீழே காட்டும்வரை திறக்காதீர்கள். திறக்கும்போதும் கதவுக்குப் பக்கவாட்டில் நின்றே போல்ட்டைத் தளர்த்துங்கள்.

காற்று நுழையாமலே நடக்கும் விபத்தும் உண்டு. நூல் இழையும் மெழுகும் சேர்ந்து கண்டன்சர் குழாயை அடைத்துவிடும். பர்னர் எரிந்துகொண்டே இருக்கும், ஆவி போக வழியில்லை, அழுத்தம் ஏறும். கண்டன்சருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வைத்து வித்தியாசத்தைக் குறித்து வாருங்கள். அது லோடுக்கு லோடு கூடுகிறதென்றால் குழாய் அடைபட ஆரம்பித்துவிட்டது, அடுத்த லோடுக்கு முன் சுத்தம் செய்தாக வேண்டும். சேஃப்டி வால்வும் இதே தாரில் ஒட்டிக்கொள்ளும். மாட்டியிருப்பதே போதும் என்று நம்பிவிடாமல், கழற்றித் துடைத்து அழுத்தச் சோதனை செய்து பாருங்கள்.

உருளையின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். சாதாரணக் கார்பன் எஃகு 425 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் இருந்தால் உள்ளமைப்பே மாறி வலுவிழக்கும். வாயு வெளியேறும் குழாயில் 400 காட்டும்போது, பர்னருக்கு நேர் மேலே தகட்டின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். உள்ளே கரி அப்பிக்கொண்ட இடத்தில் சூடு கடத்தப்படாமல் தகடு சிவக்கும், மெல்லப் புடைக்கும். கந்தகம் வேறு உள்பக்கத்தை அரிக்கும். தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் ஒரே புள்ளிகளில் திரும்பத் திரும்ப அளந்து எழுதி வையுங்கள். புடைப்பு கண்ணுக்குத் தெரிந்தால் அந்த உருளையை நிறுத்திவிட வேண்டும். ஒட்டுப் போட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

டயர் எண்ணெயை வடிகட்டி டீசல் வண்டியில் ஊற்றலாம் என்கிறார்களே?

ஊற்றாதீர்கள். எரியும் சக்தி டீசலுக்கு அருகில், கிலோவுக்கு 42 மெகாஜூல் என்பது உண்மைதான். மற்ற எதுவும் ஒத்துவராது. டயர் எண்ணெயில் கந்தகம் சுமார் 1 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. இன்றைய சாலை டீசலுக்குப் பல நாடுகளில் அனுமதி 10 பங்கு. 2020 முதல் கப்பல் எரிபொருளுக்கே உலக வரம்பு 0.5 சதவீதம். கப்பலுக்கு ஆகாதது காருக்கு எப்படி ஆகும்? வண்டியின் புகை சுத்திகரிப்பு வினையூக்கியைக் கந்தகம் சீக்கிரமே செயலிழக்கச் செய்யும்.

இரண்டாவது சிக்கல் தீப்பற்றும் நிலை. டீசல் 52 – 55 டிகிரிக்கு மேல்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். டயர் எண்ணெயில் பென்சீன், டொலுவீன் போன்ற இலேசானவை கலந்திருப்பதால் 20 – 30 டிகிரியிலேயே ஆவி பற்றும். அதைச் சேமிக்கும்போது பெட்ரோலுக்குரிய எச்சரிக்கை வேண்டும். தொட்டிக்கு எர்த்திங், ஆவித் துளைக்குத் தீத்தடுப்பு வலை, பக்கத்தில் வெல்டிங் கூடாது.

கந்தக அமிலமும் களிமண்ணும் போட்டு நிறத்தை வெளுக்க வைத்து “டயர் டீசல்” என்று விற்பதும் நடக்கிறது. நிறம் மட்டும்தான் மாறும். சில வாரத்தில் மறுபடி கறுத்து, பிசின் கட்டி, இன்ஜெக்டரை அடைக்கும். வெளுத்த இடத்தில் மிஞ்சும் அமிலச் சேறு, தொடங்கிய டயரைவிட மோசமான கழிவு.

தொழிற்சாலைக் கொதிகலனிலும் உலையிலும் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரிக்கலாம், புகைக்கூண்டில் கந்தகத்தைப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால். அதைவிட நல்ல இடம் கார்பன் பிளாக் தயாரிக்கும் உலை அல்லது பெட்ரோ ரசாயன ஆலை. அங்கே அது எரிபொருளாகாமல் மூலப்பொருளாகிறது.

டயர் பைரோலிசிஸ் “பூஜ்ய உமிழ்வு”, “கார்பன் நெகட்டிவ்” என்று ஆலை விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். காலநிலைக்கு உண்மையிலேயே நல்லதா?

கரி எங்கே போகிறது என்று சொல்லுங்கள், பதில் சொல்கிறோம். தீர்ப்பு உலைக்குள் இல்லை, உலையை விட்டு லாரி ஏறும் பொருள்களில் இருக்கிறது. கணக்கை முழுவதும் போட்டுக் காட்டுகிறோம். இவை முழு எண்களாக்கிய தோராயங்கள். உங்கள் ஆலையின் எண்களைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

ஒரு டன் டயரில் சுமார் 700 கிலோ கார்பன். மொத்தமும் எரிந்தால் 2.6 டன் கரியமில வாயு. பைரோலிசிஸில் அந்தக் கார்பன் மூன்றாகப் பிரிகிறது. 420 கிலோ எண்ணெய் எரிந்தால் 1.32 டன், 100 கிலோ வாயு எரிந்தால் 0.27 டன், 330 கிலோ கரி எரிந்தால் 0.99 டன். கூட்டிப் பாருங்கள், அதே 2.6 டன். உலைக்குள் எதுவும் மாயமாக மறையவில்லை. புகைக்கூண்டு ஆலையிலிருந்து வாடிக்கையாளரிடம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, எதற்குப் பதிலாக எரிக்கிறோம் என்பது. டயர் எண்ணெய் 17.6 கிகாஜூல் தருகிறது. அதே வெப்பத்தை ஃபர்னஸ் ஆயில் தந்திருந்தால், ஐ.நா. காலநிலைக் குழுவான ஐபிசிசி தரும் கிகாஜூலுக்கு 77.4 கிலோ என்ற அளவுப்படி 1.37 டன் வெளியாகியிருக்கும். ஆக எண்ணெயில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கரியை நிலக்கரிக்குப் பதிலாக எரித்தால் தவிர்ப்பது சுமார் 0.9 டன், வெளியேற்றுவது 0.99. கரியையும் எரித்துவிடும் ஆலையின் நிகரக் கணக்கு, டன்னுக்கு 0.3 டன் கூடுதல் உமிழ்வு.

இப்போது அதே கரியை அரைத்துத் தரப்படுத்தி, மீட்ட கார்பன் பிளாக்காக ரப்பர் தொழிலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? புதிய கார்பன் பிளாக் செய்வது கனமான எண்ணெயை அரைகுறையாக எரித்துப் புகைக்கரி எடுக்கும் வேலை. ஐபிசிசி அளவுப்படி ஒரு டன்னுக்கு 2.62 டன் கரியமில வாயு. மீட்ட கரியில் சாம்பல் அதிகம், எனவே 1 கிலோ 0.8 கிலோவுக்குத்தான் ஈடு என்று குறைத்தே வைப்போம். அப்போதும் 0.69 டன் தவிர்க்கிறோம். கரியிலுள்ள 0.99 டன்னும் எரியாமல் இன்னொரு டயரின் ஆயுள்வரை திடமாக நிற்கிறது. வெளியேறியது 1.59, தவிர்த்தது 2.06. நிகரமாக ஏறத்தாழ 0.47 டன் லாபம். அரைக்கும் மின்சாரம் அதில் கொஞ்சம் தின்னும், கம்பி உருக்காலைக்குப் போவது கொஞ்சம் திருப்பித் தரும்.

டயரிலுள்ள இயற்கை ரப்பரின் கார்பன், மரம் காற்றிலிருந்து எடுத்தது. கார் டயரில் அது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் மொத்த உமிழ்வில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளலாம், காட்டை அழித்துப் போட்ட ரப்பர்த் தோட்டமாக இல்லாத பட்சத்தில். ஆனால் அந்தக் கார்பன் பெரும்பாலும் எண்ணெயாகவும் வாயுவாகவும்தான் போகிறது, கரியை என்ன செய்தாலும் எரிகிறது. ஆகவே இரண்டு வழிக்கும் தள்ளுபடி ஒன்றேதான். ஒன்றை மற்றொன்றுக்கு மேலாகக் காட்ட இதைப் பயன்படுத்தக் கூடாது.

வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்னருக்குப் போகாத வாயுவை ஃபிளேரில் (மிச்ச வாயுவை எரித்துவிடும் குழாய்) எரிக்காமல் அப்படியே வெளியே விட்டால் கணக்கு தலைகீழாகும். 100 கிலோ வாயுவும் அப்படிப் போகிறது, அதில் 20 கிலோ மீத்தேன் என்று வையுங்கள். புதைபடிவ மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 29.8 மடங்கு சூடேற்றும். ஆக அது 0.6 டன்னுக்குச் சமம். கரியால் கிடைத்த 0.47 டன் லாபம் அதோடு போயிற்று. ஃபிளேரின் பைலட் சுடர் அணைந்ததை யாரும் கவனிக்காத ஓர் இரவு போதும்.

அப்படியானால் சிமென்ட் சூளையில் நேரடியாக எரித்துவிடலாமே? அல்லது புதைத்தே விடலாமே? – பொறியியல் மாணவி ஒருவர்

முதல் கேள்வி மிகச் சரியானது. சிமென்ட் சூளையில் ஒரு டன் டயர் தரும் 30 கிகாஜூல், 2.84 டன் கரியமில வாயு தரும் நிலக்கரியை விலக்குகிறது. டயர் வெளியிடுவது 2.6 டன். ஆக கால் டன் லாபம். 1,400 டிகிரிக்கு மேல் சூடு இருப்பதால் நன்றாக எரிந்துவிடும், கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், கம்பியும் சாம்பலும் கிளிங்கரில் (சிமென்ட்டாக அரைக்கப்படும் கட்டி) கலந்துவிடும். மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள். கரியை எரித்துவிடும் பைரோலிசிஸ் ஆலை சிமென்ட் சூளையைவிடப் பின்தங்குகிறது. கரியைப் பொருளாக்கும் ஆலை அதை முந்துகிறது. பைரோலிசிஸ் என்ற பெயருக்காக மட்டும் யாரும் பசுமைப் பட்டம் கேட்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். சூளை நிலக்கரியிலிருந்து வேறு எரிபொருளுக்கு மாறிய நாளில் இந்தக் கால் டன் லாபமும் இருக்காது.

புதைத்தால் கார்பன் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் கிடங்கில் டயர் அமைதியாகக் கிடப்பதில்லை. உள்ளே காற்று அடைபட்டு மேலே மிதந்து வரும். குவியலாக வைத்தால் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகும். எல்லாவற்றையும்விடத் தீ. 1983-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வின்செஸ்டர் அருகே பல லட்சம் டயர்கள் கொண்ட குவியல் பற்றிப் பல மாதங்கள் எரிந்தது. 1990-ல் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 17 நாள். அத்தகைய தீயின் அடியில் நடப்பதும் பைரோலிசிஸ்தான். மேலே எரியும் சூட்டில், காற்றுப் புகாத உள்பகுதி சிதைந்து எண்ணெயாக ஒழுகி மண்ணுக்கும் ஓடைக்கும் இறங்கும். பிடிக்கக் கண்டன்சர் கிடையாது.

எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி டயர் ஆலை. இரவில் வாடை தாங்க முடியவில்லை. உள்ளே என்ன தவறு நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். வாடையைப் பிரித்துப் பாருங்கள். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. வாயு எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். தீக்குச்சி உரசியது போல மூக்கில் குத்தும் நெடி சல்ஃபர் டை ஆக்ஸைடு. வாயு எரிகிறது, ஆனால் கழுவப்படவில்லை. கருகிய ரப்பரும் தாரும் கலந்த கனமான வாடை என்றால் கதவைச் சூட்டில் திறக்கிறார்கள், அல்லது எண்ணெய்த் தொட்டி மூடாமல் கிடக்கிறது. கொடியில் காயும் துணியில் கறுப்புத் தூள் படிந்தால் கரியை வெட்டவெளியில் கையாளுகிறார்கள். தேதி, மணி, காற்று வீசும் திசை, வாடையின் வகை என்று நான்கு பத்தியில் குறித்து வாருங்கள். இரண்டு வாரக் குறிப்பில் ஆலையின் லோடு நேரம் தெளிவாகத் தெரிந்துவிடும். புகாருக்கு அதுவே வலு.

ஹைட்ரஜன் சல்ஃபைடில் ஓர் ஆபத்தை மறக்காதீர்கள். பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கு மூக்கு பாதுகாப்பு இல்லை, 10 பங்கில் ஒலிக்கும் கருவி சட்டையில் இருக்க வேண்டும்.

அதிகாரிகளோடு ஆய்வுக்குப் போக வாய்ப்பு கிடைத்தால் ஒரே ஒரு கணக்கைக் கேளுங்கள்: மாதம் எவ்வளவு காஸ்டிக் சோடா வாங்குகிறீர்கள்? ஒரு டன் டயரில் 15 கிலோ கந்தகம். பாதிக்கு மேல் துத்தநாகத்தோடு சேர்ந்து கரியில் தங்கும், நாலைந்து கிலோ எண்ணெயில், 3 கிலோ வாயுவில் என்று வைப்போம். 10 டன் லோடுக்கு வாயுவில் 30 கிலோ கந்தகம், எரிந்தால் 60 கிலோ சல்ஃபர் டை ஆக்ஸைடு. அதைப் பிடிக்க 75 கிலோ காஸ்டிக் சோடா செலவாகியே தீர வேண்டும். மாதத்துக்கு 20 லோடு ஓடும் ஆலை ஒன்றரை டன் வாங்கியிருக்க வேண்டும். பில்லில் ஒரு மூட்டைதான் இருக்கிறதென்றால் ஸ்கிரப்பரில் (புகையைக் கழுவும் கருவி) சுற்றுவது வெறும் தண்ணீர். கண்டன்சருக்கு அடியில் பிரியும் தண்ணீரையும் கேளுங்கள். பீனால் கலந்த அந்த நீர் சாக்கடைக்குப் போகக் கூடாது.

பைரோலிசிஸை விட்டால் வேறு வழியே இல்லையா?

இருக்கிறது, அவை இதற்கு முன் வரிசையில் நிற்க வேண்டியவை. காற்றழுத்தத்தைச் சரியாக வைத்து டயரை முழு ஆயுளுக்கு ஓட்டுவது முதலில். அடுத்தது ரீட்ரெடிங், அதாவது தேய்ந்த மேற்பரப்பை மட்டும் புதிதாக்குவது. 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள லாரி டயரில் 12 – 15 கிலோ புது ரப்பர் மட்டும் ஏற்றி, கூட்டை அப்படியே மறுபடி ஓட்டுகிறோம். எந்த உலையும் இதற்கு ஈடாகாது. மூன்றாவது தூளாக்கிச் சாலைத் தாரில் கலப்பது. விளையாட்டுத் திடலில் தூவும் ரப்பர் துணுக்கை மட்டும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அது மழையோடு ஓடி நுண்பிளாஸ்டிக் ஆகிறது, ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் அதற்குத் தடை விதித்து எட்டாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. கூடு கிழிந்து ரீட்ரெடிங்குக்கும் ஆகாத டயர்தான் பைரோலிசிஸுக்கு உரியது.

எங்கள் ஆலைக் கரியை ரப்பர் கம்பெனிகள் வாங்க மறுக்கின்றன. செங்கல் சூளைக்குத்தான் போகிறது. தரத்தை எப்படி உயர்த்துவது? – சிறு ஆலை நடத்துபவர்

இந்த இதழில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். மேலே போட்ட கணக்கில் 0.3 டன் கூடுதல் உமிழ்வுக்கும் 0.47 டன் லாபத்துக்கும் இடையிலான முக்கால் டன் வித்தியாசம் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் கரி வெந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்து விரலால் அழுத்தித் தேயுங்கள். தூளைத் தட்டிய பிறகு தாளில் மஞ்சள் வளையம் தெரிந்தால், விரலில் பிசுக்கு ஒட்டினால், உள்ளே எண்ணெய் மிச்சம். இன்னும் நம்பகமானது டொலுவீன் சோதனை. சோதனைக் குழாயில் 2 கிராம் கரியும் 20 மில்லி டொலுவீனும் விட்டு ஒரு நிமிடம் குலுக்கி வடிகட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பில்லாமல் செய்ய வேண்டும். வடிந்தது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால் சரி. தேநீர் நிறத்தில் இருந்தால் எந்த ரப்பர் கம்பெனியும் தொடாது. கலவையில் நாற்றமும் கறையும் வரும்.

அதற்குக் காரணம் பெரும்பாலும் சீக்கிரம் நிறுத்துவது. எண்ணெய் சொட்டுவது குறைந்ததும் பர்னரை அணைத்துவிடுகிறார்கள். சொட்டு நின்ற பிறகும் கரிப் படுகை 480 – 500 டிகிரியில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், உருளை சுற்றிக்கொண்டே இருக்கட்டும். மாறாக, ஆவியை உள்ளேயே தேங்கவிட்டு மெதுவாக வேகவைத்தாலும் கெடும். எண்ணெய் ஆவி கரியின் மேற்பரப்பிலேயே உடைந்து புதுக் கார்பன் பூச்சாகப் படிந்து, ரப்பர் ஒட்டிப் பிடிக்கும் நுண்மேற்பரப்பை மூடிவிடும். மெல்லிய உறிஞ்சலோ நைட்ரஜன் ஓட்டமோ வைத்து ஆவியை உடனுக்குடன் வெளியே எடுங்கள்.

அடுத்தது சாம்பல். புதிய கார்பன் பிளாக்கில் 1 சதவீதம்கூட இராது. உங்கள் கரியில் 15 முதல் 20 சதவீதம் இருப்பதற்கு உலை காரணமில்லை. டயரிலிருந்த துத்தநாகமும் சிலிக்காவும் மூன்றில் ஒரு பங்கு எடைக்குள் வந்து செறிந்துவிட்டன. இதை உலையில் சரிசெய்ய முடியாது, யார்டில் சரிசெய்யலாம். சிலிக்கா கூடுதலாக உள்ளது கார் டயரில். ஆகவே லாரி டயரையும் கார் டயரையும் ஒரே லோடில் கலக்காதீர்கள். மண் ஒட்டிய டயரைக் கழுவிப் போடுங்கள். வாங்குபவருக்குச் சாம்பல் குறைவதைவிடவும், லோடுக்கு லோடு ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். 16 என்றால் எப்போதும் 16 இருக்கட்டும்.

பிறகு காந்தத்தில் கம்பித் துணுக்கை எடுத்து, ஜெட் மில்லில் 10 மைக்ரானுக்குள் அரைத்து, தண்ணீர் தெளித்துச் சிறு குருணையாக உருட்டி உலர்த்துங்கள். தூளாகவே அனுப்பினால் மிக்ஸருக்குப் போகுமுன் பாதி பறக்கும். இவ்வளவு செய்தாலும் டயரின் தரையைத் தொடும் பகுதிக்கு அது ஆகாது. கன்வேயர் பெல்ட், ரப்பர் விரிப்பு, ஹோஸ், டயரின் உள் அடுக்கு என்று பாதியளவு வலுவூட்டும் இடங்களை அணுகுங்கள். இருபது கிலோ மாதிரியோடு, தொடர்ந்த பத்து லோடுகளின் சாம்பல், ஈரம், டொலுவீன் அளவுகளை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வாங்கும் அதிகாரி மாதிரியைவிட அந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பார்.